450 லிட்டரில் இருந்து 165க்கு: ஒரு வீட்டுத் தோட்டத்தின் தண்ணீர்க் கணக்கு

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பேர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியவர எட்டு மாதம் ஆனது. காலையில் நான் எழுவதற்கு முன்பே அம்மா ஊற்றிவிடுவார். மாலையில் வேலை முடிந்து வந்து நான் ஊற்றுவேன். அம்மா பூச்செடிகளுக்கு மட்டும் ஊற்றுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். "நீ சும்மா மேலாக்கத் தெளிக்கிறேன்னுல நெனச்சேன்" என்றார் அவர். இரண்டு வேளையும் தோட்டம் முழுக்க முழுத் தண்ணீர் போயிருக்கிறது.

இவ்வளவு ஊற்றியும் செடிகள் நன்றாக இல்லை. தண்ணீரை மிச்சப்படுத்தும் எண்ணம் முதலில் எனக்கு இருக்கவே இல்லை. செடிகளுக்கு என்ன நோய் என்று தேடப் போய்த்தான் தண்ணீரில் வந்து நின்றேன். அந்த ஒரு வருடத்தில் என்னென்ன செய்தோம், எது பலித்தது, எது சொதப்பியது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தோட்டமும் நோயும்

வீட்டின் பின்னால் 30 சதுர மீட்டர் நிலம். நடைபாதை, மூலை முடுக்கு எல்லாம் போக, செடிகள் நிற்பது 20 சதுர மீட்டரில். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, இரண்டு கீரைப் பாத்தி, வேலியோரம் அவரைக்கொடி, மூன்று செம்பருத்தி, ஓர் எலுமிச்சை. மொட்டை மாடியில் சின்னதும் பெரிதுமாக 24 தொட்டிகள்.

கத்தரியில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தது. எலுமிச்சை தளிர்விட்டு, விட்ட தளிரையே உதிர்த்தது. மாடித் தொட்டிகளில் மண்ணைத் தொட்டாலே கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்பு ஈக்கள் எழும்பின. மண்ணின் மேல் பச்சைப் பாசி. உச்சி வெயிலில் எல்லாச் செடியும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். நாற்று வாங்கிய இடத்தில் கேட்டால், தண்ணீர் போதவில்லை, கூட ஊற்றுங்கள் என்றார்கள். கூட ஊற்றினோம். கூடவே உரமும் போட்டேன், தக்காளிக்குக் கால்சியமும் போட்டேன். எதுவும் ஆகவில்லை.

முதலில் அளந்தோம்

எவ்வளவு ஊற்றுகிறோம் என்று கேட்டபோது அம்மா சொன்ன பதில்: "செடிக்கு வேணுங்கற அளவு." என்னிடமும் வேறு பதில் இல்லை. 10 லிட்டர் பக்கெட்டை ஹோஸின் கீழே வைத்தால் 40 வினாடியில் நிரம்பியது. அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர். பிறகு ஒரு வாரம் கைபேசியில் நேரத்தைக் குறித்தோம். கீழே இரண்டு வேளையும் சேர்த்து 22 நிமிடம், மாடியில் 8 நிமிடம். கீழே 330 லிட்டர், மேலே 120. ஒரு நாளைக்கு 450 லிட்டர்.

இது அதிகமா, குறைவா என்று பார்க்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். வெப்பமான நாட்களில் நன்றாக வளர்ந்த காய்கறிப் பாத்தியிலிருந்து, இலை வழியாகவும் மண் வழியாகவும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போகும். மேகமூட்டமான நாளில் இது குறையும், காய்ந்த காற்று வீசினால் கூடும். நாற்றுப் பருவத்தில் இதில் பாதியே போதும். அப்படிப் பார்த்தால் கீழே 20 சதுர மீட்டருக்குத் தேவை நாளொன்றுக்கு 100 லிட்டர். தொட்டிக்குச் சராசரியாக 2 லிட்டர் என்று வைத்தாலும் மேலே 50ஐத் தாண்டாது. தேவை 150, ஊற்றியது 450.

நேரம் குறித்த அந்த வாரத்தில்தான் பின்புறக் குழாய் சொட்டுவதையும் கவனித்தோம். வினாடிக்கு ஒரு சொட்டு. ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்தால், ஒரு நாளின் 86,400 வினாடிகளுக்கு 21 லிட்டருக்கு மேல் வருகிறது. வாஷர் தேய்ந்திருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. அது எத்தனை மாதமாகச் சொட்டியது என்று யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மண்ணைத் தோண்டியபோது

கத்தரிப் பாத்தியின் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கும் சற்று அதிகமாகத் தோண்டினேன். மேலே இரண்டு விரற்கடை மண் வெளுத்துக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே ஈரம். 20 சென்டிமீட்டருக்குக் கீழே மண் சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்தது, அழுகல் வாடையும் அடித்தது. கத்தரியின் வேர்கள் எல்லாம் மேலே உள்ள கையளவு மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. கீழே இறங்கியவை பழுப்பேறி, இழுத்தால் தோல் கழன்று வந்தன.

தினமும் இரண்டு வேளை நாங்கள் பார்த்ததெல்லாம் அந்த மேல் இரண்டு விரற்கடைதான். அது வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கீழே இருக்கும் மண் காயவே வாய்ப்பில்லை.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்து நாள்கணக்கில் நின்றால் வேர் திணறி, அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அப்போது செடி வாடும், தாகத்தில் வாடுவதைப் போலவே இருக்கும். நாம் இன்னும் ஊற்றுவோம். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அடி இலை மஞ்சளானதற்கும் இதில் பங்கு உண்டு. நைட்ரேட் வடிவில் உள்ள தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து வேருக்குக் கீழே போய்விடும். செடி தன் பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துப் புதுத் தளிருக்குக் கொடுக்கும். தக்காளியின் அடி கறுப்பதும் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் வருவதில்லை. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் பயணிக்கிறது. வேர் கெட்டாலோ, ஈரம் ஏறி இறங்கினாலோ, அது காயின் நுனிவரை போய்ச் சேராது. நான் வாங்கிப் போட்ட கால்சியத்தால் ஒரு பயனும் இல்லை.

உச்சி வெயிலில் தலை தொங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது, மண்ணில் ஈரம் இருந்தாலும் செடி கொஞ்சம் தொங்கும். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் அது தாகமில்லை. விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

இந்தக் கேள்விக்கு விடை மண்ணில் இருக்கிறது. ஈரமண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடா மாதிரி நசுக்கித் தள்ளினேன். மணல் என்றால் நாடாவே வராது. எங்கள் மண் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீண்டு ஒடிந்தது. களிமண் கலந்த வண்டல் அது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் களிமண்.

இத்தகைய மண் ஒரு மீட்டர் ஆழத்தில், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக ஏறத்தாழ 150 மில்லிமீட்டரைப் பிடித்து வைக்கும். மணலில் இது 100ஐத் தாண்டாது, பல இடங்களில் அதில் பாதிகூட இருக்காது. கத்தரி, மிளகாய் வேர் 30 சென்டிமீட்டருக்கு இறங்கினால் அதற்குக் கிடைப்பது 45 மில்லிமீட்டர். அதில் பாதி தீரும்வரை செடி சிரமப்படாது. நாளைக்கு 5 மில்லிமீட்டர் செலவு என்றால், 20 சொச்சம் மில்லிமீட்டர் நான்கு நாள் தாங்கும். ஆக நான்கு நாளைக்கு ஒரு முறை, சதுர மீட்டருக்கு 20 லிட்டர். கீரை வேர் மேலாகவே நிற்பதால் அதற்குப் பாதி அளவு, இரண்டு நாளைக்கு ஒரு முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. களிப்பான மண் மணிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர்வரைதான் தண்ணீரை உள்ளே வாங்கும். ஹோஸில் 20 லிட்டரை ஒன்றரை நிமிடத்தில் கொட்டினால் பாதி வரப்பைத் தாண்டி ஓடிவிடும். மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்பதால்தான் சொட்டுநீர்க் குழாய்க்குப் போனோம். அது கிடைக்காதவர்கள் பாத்தியைச் சமப்படுத்தி, வரப்பைச் சற்று உயர்த்தி, அரை மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றினாலும் அதே பலன்தான். முதல் மாதம் நாங்கள் செய்தது அதுதான்.

அம்மா கோபித்துக்கொண்ட வாரம்

கணக்கு கையில் இருந்த தைரியத்தில், தினமும் இரண்டு வேளை ஊற்றியதை ஒரே நாளில் நான்கு நாளுக்கு ஒரு முறை என்று மாற்றினேன். மூன்றாம் நாள் காலை கத்தரி அப்படியே சரிந்துவிட்டது. விடிகாலை வாட்டம், நிஜத் தாகம். "பச்சப் புள்ளைய பட்டினி போட்ட மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. அந்த வாரம் முழுக்க என்னிடம் தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. என் கணக்கு 30 சென்டிமீட்டர் வேருக்குப் போட்டது. அந்தச் செடிகளுக்கு இருந்ததோ 8 சென்டிமீட்டர் வேர். மேலேயே தண்ணீர் கிடைத்துப் பழகிய வேர் கீழே இறங்கியிருக்கவில்லை. அதனால் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு இறக்கினோம். முதல் வாரம் மாலைத் தண்ணீரை மட்டும் நிறுத்தினோம். அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆனால் அளவைக் கூட்டி, ஆழமாக. பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை, கடைசியில் நான்கு. பழைய தக்காளிச் செடிகள் இந்த மாற்றத்திலும் தேறவில்லை, பிடுங்கிவிட்டோம். மிளகாயும் கத்தரியும் தேறின. புதிதாக நட்ட நாற்றுகளை வேர் பிடித்த பத்தாம் நாளிலிருந்தே இடைவெளிக்குப் பழக்கினோம். அவற்றில் ஒன்றுகூடச் சரியவில்லை.

இந்த ஆறு வாரத்தைப் பெரும்பாலான குறிப்புகளில் நான் பார்க்கவில்லை. 'ஆழமாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள்' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒரே நாளில் மாறுகிறவர் மூன்றாம் நாள் பயந்துபோய்ப் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவார்.

மூடாக்கு

முன்பெல்லாம் உதிர்ந்த இலையைக் கூட்டி வெளியே கொட்டுவோம். இப்போது அதையே காயவைத்துப் பாத்தியின் மேல் 6, 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புகிறோம். வெயில் நேராக மண்ணில் படாததால் ஈரம் தங்குகிறது, மண்ணின் சூடு தணிகிறது, களையும் குறைகிறது. எங்கள் பாத்திகளில் நான்கு நாள் இடைவெளி ஐந்து நாளாக நீண்டது இதனால்தான். காசில்லாமல் கிடைத்த பலன்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சொதப்பல்களும் உண்டு. எலுமிச்சையின் தூரை ஒட்டி இலையைக் குவித்து வைத்தேன். இரண்டு மாதத்தில் பட்டை ஊறி மெத்தென்று ஆகிவிட்டது. தூரைச் சுற்றி ஒரு சாண் இடத்தைச் சுத்தமாக விட வேண்டும். பச்சைப் புல்லை வெட்டிக் கனமாகப் போட்டபோது அது சூடேறி, கொழகொழவென்று பாயாக ஒட்டிக்கொண்டது. கீழே காற்றும் போகவில்லை, தண்ணீரும் போகவில்லை. கீரை விதைத்த வரியில் மூடாக்கு போட்டால் நத்தை வந்து முளையைத் தின்கிறது. முளை விரல் நீளம் வளர்ந்த பிறகே அங்கே போடுகிறோம். இன்னொன்று: மூடாக்கின் மேல் லேசாகத் தெளித்தால் நனைவது இலைக்குப்பை மட்டும்தான். மண்ணுக்கு ஒரு சொட்டும் போகாது.

சொட்டுநீர்

குழாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சின்ன முனைகள்தான் சொட்டுவான்கள். எங்களுடையவை மணிக்கு 2 லிட்டர் விடுபவை, சதுர மீட்டருக்கு நான்கு. 20 லிட்டர் போக இரண்டரை மணி நேரம் ஆகும். மண்ணும் நிதானமாக வாங்கிக்கொள்ளும். மாட்டிய முதல் வாரம் வெண்டையின் கடைசி வரிசை வாடியது. ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் ஒரு டம்ளர் வைத்துப் பத்து நிமிடம் பிடித்தேன். 330 மில்லிலிட்டர் வந்திருக்க வேண்டும். முதலில் இருந்தது குறைவாகவும், கடைசியில் இருந்தது அதில் பாதியும்தான் கொடுத்தது.

காரணம் அழுத்தம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். சாதாரணச் சொட்டுவான்கள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. எங்கள் மேல்நிலைத் தொட்டி 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே நீளக் குழாயை இரண்டாகப் பிரித்து, நடுவிலிருந்து தண்ணீர் கொடுத்ததும் வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. மொத்த வரத்து குறைவுதான், அதனால் இன்னும் ஒரு மணி நேரம் கூட ஓடவிடுகிறோம். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுகிறோம். உப்படைத்த சொட்டுவான்களை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் திறந்துகொள்கின்றன.

சொட்டுநீரில் தண்ணீர் கண்ணில் படாது என்பது நல்லதும் கெட்டதும். மூடாக்கின் அடியில் ஒரு இணைப்பு கழன்று, அந்த மூலையில் மட்டும் ஓர் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. காலையில் செருப்பு சேற்றில் புதைந்தபோதுதான் தெரிந்தது. டைமரும் போட்டுப் பார்த்தோம். மழை பெய்துகொண்டிருக்கும்போது அது பாட்டுக்குத் திறந்துகொண்டது. கழற்றி வைத்துவிட்டேன். ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் அதை மாட்டுகிறோம்.

அவரைக்கொடியின் பக்கம் குழாய் எட்டவில்லை. அங்கே மூன்று மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவைத்தோம். மண் காயும்போது பானையின் நுண்துளை வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் போதும்போது இழுப்பது நின்றுவிடும். சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை இருந்திருக்கிறது. 5 லிட்டர் பானையை மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். மூன்றில் ஒன்று மட்டும் வாரக்கணக்கில் குறையவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அதற்கு வெளியே வண்ணம் பூசியிருந்தது. வண்ணம் துளையை அடைத்துவிடும்.

மாடித் தொட்டிகள்

கீழே உள்ள நிலம் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், தொட்டி பொறுக்காது. சின்னத் தொட்டியின் மண் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் என்றால் பக்கவாட்டில் வேர் வெந்தும் போகும். 24 சின்னத் தொட்டிகளை 15 பெரிய தொட்டிகளாக மாற்றினோம். நெருக்கி வைத்ததில் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுகிறது. மேற்கு வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டினோம்.

வடிகால் நன்றாக இருக்கும் என்று எல்லாத் தொட்டியின் அடியிலும் கூழாங்கல் போட்டிருந்தேன். அது உதவாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். வேருக்கு இருக்கும் இடம்தான் குறைகிறது. கல்லை எடுத்துவிட்டு, அடித்துளையில் வலைத்துண்டு மட்டும் வைத்தோம். மண்ணோடு தென்னைநார்க் கழிவைக் கலந்தோம். அதை முதலில் இரண்டு, மூன்று முறை அலசி உப்பை நீக்கிவிட வேண்டும். அந்தச் சின்னக் கறுப்பு ஈக்கள், மேல்மண் காய நேரம் கிடைத்த இரண்டாவது வாரத்திலேயே குறையத் தொடங்கின.

தொட்டியில் எப்போது ஊற்றுவது என்பதற்கு அம்மா கண்டுபிடித்த வழி என் கணக்கைவிட நல்லது. சாய்த்து எடை பார்க்கிறார். கனமாக இருந்தால் விட்டுவிடுகிறார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மண் மிகவும் காய்ந்து சுருங்கிவிட்டால், ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து அடித்துளையில் உடனே வெளியேறிவிடும். நனைந்துவிட்டது என்று நாமும் ஏமாறுவோம். அப்போது தொட்டியையே ஒரு பாத்திரத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுப்பதுதான் வழி.

மழையும் மறுபயன்பாடும்

மழைநீரைப் பிடிக்க 200 லிட்டர் பீப்பாய் வாங்கினோம். எங்கள் கூரை 60 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் விழும், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 480 வரும். பீப்பாய் முதல் மழையிலேயே நிறைந்து வழிந்தது. கோடையில் மழையே இல்லாதபோது காலியாகக் கிடந்தது. நிரம்பி வழிவதைப் பாத்திகளுக்குத் திருப்பியதில்தான் உண்மையான பயன். கொசுவுக்கு இடம் கொடுக்காமல் பீப்பாயை வலையால் மூடி வைக்க வேண்டும்.

பீப்பாயைவிடப் பயன்பட்டது நேர்ப்பக்கம் கொண்ட ஒரு காலி டப்பாவும் ஒரு ஸ்கேலும். மழை விட்டதும் டப்பாவில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்க்கிறோம். 12 என்றால் சதுர மீட்டருக்கு 12 லிட்டர், இரண்டு நாளுக்கு மேல் ஊற்ற வேண்டியதில்லை. 2 என்றால் அந்த மழை இலையைத்தான் நனைத்திருக்கிறது, மழை வந்துவிட்டதே என்று முறையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏசியில் இருந்து வடியும் நீர் உப்பில்லாதது, தொட்டிகளுக்கு நல்லது. துணி துவைத்த நீரைச் செம்பருத்திக்கு விட்டுப் பார்த்தோம். இலை ஓரம் கருகியது. சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கவும் செய்யும். கடைசி அலசல் நீரை மட்டும், அதுவும் அன்றைக்கே, பூச்செடியின் மண்ணில் விடுகிறோம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு எந்தக் கழிவு நீரும் போவதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பான் வெளியேற்றும் நீர், மூல நீரைவிட உப்பு மிகுந்தது. அதைத் தோட்டத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டோம், தரை துடைக்க ஆகிறது.

ஒரு வருடத்துக்குப் பின்

தோட்டத்துக் குழாயில் சின்ன மீட்டர் ஒன்று மாட்டியிருந்ததால் கணக்கு கையில் இருக்கிறது. முதல் கோடையில் வாரத்துக்கு 3,150 லிட்டர். அடுத்த கோடையின் அதே மாதங்களில் சராசரியாக 1,150. நாளைக்கு ஏறக்குறைய 165. இதில் கீழே 105, மேலே 60. மழை மாதங்களில் மீட்டர் பல நாள் நகரவே இல்லை.

இந்த ஒப்பீட்டில் ஓட்டை உண்டு. இரண்டு கோடையும் ஒரே அளவு வெயில் இல்லை. பாதிச் செடிகள் புதியவை. தொட்டிகள் குறைந்தன. ஆறேழு விஷயங்களை ஒரே வருடத்தில் மாற்றியதால் எது எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவு. எதையும் மாட்டுவதற்கு முன்பே, மாலைத் தண்ணீரை நிறுத்தி, தோண்டிப் பார்த்து ஊற்றிய அந்த முதல் இரண்டு மாதத்தில் மீட்டர் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. குழாயும் வலையும் அதற்கு அப்புறம் வந்தவை.

செடிகளில், கத்தரியின் புது இலைகள் ஒன்றரை மாதத்தில் கரும்பச்சையாகின. மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகவில்லை, ஆகவும் ஆகாது. மிளகாய் முன்பைவிட நன்றாகக் காய்க்கிறது. தக்காளியில் முதல் கொத்தில் இன்னும் சில காய்களுக்கு அடி கறுக்கிறது, பின்வரும் கொத்துகளில் இல்லை. கீரையில் நான் தோற்றேன். இடைவெளியை மூன்று நாளாக நீட்டியதில் இலை சிறுத்து, முற்றி, சீக்கிரமே பூத்தது. பழையபடி இரண்டு நாளுக்கு வந்துவிட்டோம், உச்சக் கோடையில் தினமும். கீரைக்குத் தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைப்பதைவிடப் பாத்தியின் நீளத்தைக் குறைப்பது மேல். செம்பருத்தி எதையும் கண்டுகொள்ளவில்லை.

எதிர்பாராத ஒன்று உப்பு. சொட்டுநீரில் ஈரவட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் ஆவியாக ஆக, அதிலிருந்த உப்பு அங்கேயே தங்கி வெள்ளையாகப் பூக்கிறது. முன்பு அள்ளி ஊற்றிய காலத்தில் அது கழுவிக்கொண்டு போயிருக்கும். இப்போது கோடையின் நடுவில் ஒரு முறை வழக்கத்தைவிட இரு மடங்கு தண்ணீர் விட்டு உப்பைக் கீழே தள்ளுகிறோம். மற்றதை மழை பார்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன 1,150 இந்தச் செலவும் சேர்ந்ததுதான்.

எலுமிச்சையின் தூரில் இருந்த காயம் ஆறிவிட்டது, ஆனால் இன்னும் காய்க்கவில்லை. உறிஞ்சும் வேர்கள் தூரை விட்டுத் தள்ளி, கிளைகளின் நிழல் விழும் ஓரம்வரை பரந்திருக்கும் என்பதால், சொட்டுவான்களை அந்த வட்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பூ வராததற்குத் தண்ணீர் போதாததுதான் காரணம் என்கிறார் அம்மா. நான் மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்கிறேன். ஈரமண்ணில் அது வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். நேற்று அது 30 சென்டிமீட்டர்வரை தடையில்லாமல் போனது. கம்பியை அம்மாவிடம் கொடுத்தேன். அவரும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றார்.